பழைய ஸ்பேம் ஃபில்டர் போக மாட்டேன் என்கிறது, புதியது ஏற மாட்டேன் என்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்களின் கணினிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வழக்கம். வரும் தொந்தரவுகளில் ஒன்று மட்டும், ஆள் மாறினாலும் கதை மாறாது. மெயிலுக்கு வைத்திருந்த ஸ்பேம் ஃபில்டர் கெட்டுப்போகும். எடுத்துவிட்டு மறுபடி போடப் பார்ப்பார்கள். பழையதில் ஏதோ ஒரு கோப்பு அழியாமல் முரண்டு பிடிக்கும். புதியது பாதியில் நின்றுவிடும். அப்போது கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனு பெயர்கள் மட்டும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

என் மெஷின்ல ஸ்பேம் ஃபில்டர்னு தனியா ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியலையே?

ஸ்பேமை மூன்று இடங்களில் மறிக்கலாம். முதலாவது, மெயில் சேவை தருபவரின் சர்வரிலேயே. ஜிமெயில் அப்படித்தான், உங்கள் கணினிக்கு வருவதற்கு முன்பே தரம் பிரித்துவிடுகிறது. இரண்டாவது, மெயில் படிக்கும் ப்ரோகிராமுக்குள். தண்டர்பேர்டில் இருக்கும் ஜங்க் வசதி இந்த வகை. மூன்றாவது, நீங்களோ வேறு யாரோ தனியாக நிறுவியது. இந்தப் பக்கம் முழுக்க அந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

தனியாக நிறுவுவதிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று அவுட்லுக்குக்குள் போய் ஒரு பட்டனாக உட்கார்ந்துகொள்ளும் ஆட்-இன். மற்றது மெயில் ப்ரோகிராமுக்கும் சர்வருக்கும் நடுவே தரகர் மாதிரி நின்று, வரும் மெயிலை வாங்கிப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பும் ப்ராக்ஸி. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். எது இருந்தாலும் பெயர் தெரியும். ஆன்டிவைரஸ் தொகுப்புக்குள் ஒரு பகுதியாகவும் ஃபில்டர் ஒளிந்திருக்கலாம். உங்களுடையது எந்த ஜாதி என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

பழசை எடுக்காம அதுக்கு மேலயே புதுசைப் போட்டா என்ன ஆகும்?

அதே ஃபில்டரின் அடுத்த பதிப்பு என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இன்ஸ்டாலரே பார்த்துக்கொள்ளும். ஆனால் கெட்டுப்போனதால்தான் மறுபடி போடுகிறீர்கள் என்றால் மேலே பூசுவதில் பலனில்லை. கெட்டுப்போன செட்டிங்ஸ் கோப்பை இன்ஸ்டாலர் பத்திரமாக அப்படியே விட்டுவைக்கும். பழைய நோய் புது உடம்பில் தொடரும்.

நான் செய்யும் வரிசை இது: தேவையானதை நகல் எடுப்பது, மெயில் ப்ரோகிராமையும் ஃபில்டரையும் முழுக்க மூடுவது, அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், மிச்சம் மீதியை அழிப்பது, அப்புறம்தான் புதியது. நடுவில் வரும் ரீஸ்டார்ட்டைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன.

எடுக்கறதுக்கு முன்னாடி எதை நகல் எடுத்து வெச்சுக்கணும்?

ஃபில்டர் கற்றுக்கொண்டதை. பல ஃபில்டர்கள் பேயஸ் முறையில் வேலை செய்கின்றன. நீங்கள் "இது ஸ்பேம், இது நல்ல மெயில்" என்று காட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும், எந்தச் சொல் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று அது எண்ணி வைத்துக்கொள்கிறது. அடுத்த மெயில் வரும்போது அந்தக் கணக்கை வைத்து மதிப்பெண் போடுகிறது. மாதக்கணக்காக நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது. அது போனால் ஃபில்டர் மறுபடி அரிச்சுவடியில் இருந்து தொடங்கும்.

இந்தக் கோப்பு பொதுவாக ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருக்காது. உங்கள் யூசர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவிலோ, சி ட்ரைவில் மறைந்திருக்கும் ப்ரோகிராம்டேட்டாவிலோ ஃபில்டரின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதை முழுசாக வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். கூடவே அனுமதிப் பட்டியல், தடைப் பட்டியல் இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்ய வழி இருந்தால் செய்யுங்கள்.

இன்னொன்று. மெயில் அக்கவுன்ட் செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் பெயர், போர்ட் எண், யூசர்நேம் மூன்றும் தெரிய வேண்டும். ஏன் என்பது பின்னால் மெயில் வராத கேள்வியில் விளங்கும்.

அன்இன்ஸ்டால் முடிஞ்சுதுன்னு சொல்லிடுச்சு. ஆனா ஃபோல்டர் அங்கேயே இருக்கு, டெலீட் கொடுத்தா "வேறு ப்ரோகிராமில் திறந்திருக்கிறது"ன்னு வருது. ஏன்?

கோப்பில் பிடிவாதம் எதுவும் இல்லை. அதை யாரோ கையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸில் ஒரு ப்ரோகிராம் ஒரு கோப்பைத் திறக்கும்போது, "நான் வைத்திருக்கும் வரை மற்றவர்கள் இதை அழிக்கலாமா, கூடாதா" என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கூடாது என்று சொன்னால், அது கையை விடும் வரை அழிக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஈஎக்ஸ்ஈ (ப்ரோகிராமின் முதன்மைக் கோப்பு), ஏற்றப்பட்ட டிஎல்எல் (ப்ரோகிராம்கள் தேவைப்படும்போது உள்ளே ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பு) ஆகியவற்றையும் விண்டோஸ் இதேபோல் காப்பாற்றுகிறது. இல்லாவிட்டால் ஓடும் ப்ரோகிராமின் காலடி மண் சரிந்துவிடும்.

ஃபில்டர் விஷயத்தில் இது இவ்வளவு அடிக்கடி நடக்கக் காரணம், ஃபில்டர் தனியாக ஓடுவதில்லை. ஆட்-இன் என்றால் அதன் டிஎல்எல் அவுட்லுக்குக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அன்இன்ஸ்டாலர் ஃபில்டரை மூடிவிட்டதாக நினைக்கும். உண்மையில் கோப்பைப் பிடித்திருப்பது அவுட்லுக்.

எல்லா விண்டோவையும் மூடிட்டேன் சார். இன்னும் திறந்திருக்குன்னே சொல்லுதே?

விண்டோ மூடியதும் ப்ரோகிராம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அவுட்லுக் அங்கே இன்னும் உயிரோடு இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒரு ஆட்-இன் சரியாக விடைபெறாவிட்டால் அது வெளியே போக முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும். ஒன்றிரண்டு நிமிடம் கொடுத்துப் பார்த்து, அப்படியும் போகாவிட்டால் எண்ட் டாஸ்க் கொடுக்கலாம். எழுதி முடிக்காத மெயில் எதுவும் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு.

அடுத்த சந்தேகம் சர்வீஸ். ப்ராக்ஸி வகை ஃபில்டர்கள் சில பின்னணியில் சர்வீஸாக ஓடும். அதற்கு விண்டோவே கிடையாது. சர்வீசஸ் பட்டியலில் அதன் பெயரைத் தேடி ஸ்டாப் கொடுங்கள், ஸ்டார்ட்டப் வகையை டிஸேபிள்டு என்று மாற்றுங்கள்.

மூன்றாவது ஆசாமியை யாரும் சந்தேகிப்பதில்லை: எக்ஸ்ப்ளோரர், அதாவது நீங்கள் அந்த ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே விண்டோ. ஃபில்டர் வலது-க்ளிக் மெனுவில் தன் பெயரைச் சேர்த்திருந்தால் அதன் டிஎல்எல் எக்ஸ்ப்ளோரருக்குள் ஏறியிருக்கும். முன்னோட்டப் பகுதி திறந்திருந்தாலும் கோப்பு மாட்டிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து திரும்ப வரும். பதற வேண்டாம்.

யார் பிடிச்சிருக்காங்கன்னு ஊகம் பண்ணிட்டே இருக்கணுமா? நேரா கண்டுபிடிக்க வழியில்லையா?

இருக்கிறது. விண்டோஸிலேயே ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஒன்று உண்டு. அதில் சிபியு பக்கத்தில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற பகுதியின் தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைப் போட்டால், எந்த ப்ரோகிராம் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும்.

டிஎல்எல்லாக இருந்தால் நான் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரைத்தான் எடுப்பேன். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது. மார்க் ருசினோவிச் முதலானோர் எழுதியது, 2006-இல் மைக்ரோசாஃப்ட் அவர்களின் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. நிறுவத் தேவையில்லை, இறக்கி நேராக ஓட்டலாம். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பாதி விஷயம் கண்ணில் படாது. பவர்டாய்ஸ் என்ற துணைக்கருவித் தொகுப்பை வைத்திருப்பவர்களுக்கு அதில் ஃபைல் லாக்ஸ்மித் இருக்கிறது. கோப்பில் வலது-க்ளிக் செய்தால் போதும்.

பிடித்திருப்பவர் யார் என்று தெரிந்ததும் அந்த ப்ரோகிராமை முறையாக மூடுங்கள். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் "க்ளோஸ் ஹேண்டில்" என்று ஒன்று உண்டு, கோப்பை மட்டும் கையிலிருந்து பிடுங்கும். அதைத் தொடாதீர்கள். கோப்பு பறிபோனது தெரியாமல் ப்ரோகிராம் எழுதிக்கொண்டே போனால், அந்த எழுத்து வேறு ஒரு கோப்பில் போய் விழவும் வாய்ப்புண்டு.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணேன். அப்பவும் அழியலை. இதுக்கு மேல என்ன பண்றது?

ரீஸ்டார்ட் பண்ணினீர்களா, ஷட்டவுனா? இரண்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், உங்கள் ப்ரோகிராம்கள் மட்டும்தான் மூடப்படும். உள்ளே ஓடும் கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி), ட்ரைவர்கள் (சாதனங்களை இயக்குபவை), சர்வீஸ்கள் அப்படியே டிஸ்க்கில் உறையவைக்கப்பட்டு, அடுத்த முறை ஆன் செய்ததும் விட்ட இடத்திலிருந்து எழுகின்றன. கோப்பைப் பிடித்திருந்தது சர்வீஸோ ட்ரைவரோ என்றால், அது தூங்கி எழுந்தும் பிடியை விட்டிருக்காது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் முழு ஷட்டவுன் ஆகும்.

ரீஸ்டார்ட்டுக்கு இன்னொரு பலனும் உண்டு. இன்ஸ்டாலர்களும் அன்இன்ஸ்டாலர்களும் அழிக்க முடியாத கோப்பைக் கண்டால், "அடுத்த பூட்டில் அழி" என்று விண்டோஸிடம் எழுதி வைத்துவிட்டுப் போகும். விண்டோஸ் எழும்போது, அவுட்லுக் மாதிரி ப்ரோகிராம்கள் எழுவதற்கு முன்பே அந்தப் பட்டியலை நிறைவேற்றும். "இன்ஸ்டாலேஷனை முடிக்க ரீஸ்டார்ட் செய்யவும்" என்று கேட்பது இதற்காகத்தான். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: அந்தப் பட்டியல் நிலுவையில் இருக்கும்போதே நீங்கள் புதிய ஃபில்டரை நிறுவிவிட்டால், அடுத்த ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் பழைய உத்தரவைச் செயல்படுத்தும். பெயரும் இடமும் ஒன்றாக இருந்தால் புதிதாகப் போட்ட கோப்புகளே பறிபோகும். "நேத்து நிறுவினேன், நல்லா ஓடுச்சு, இன்னிக்கு இல்லை" என்று வந்த இரண்டு பேருக்கு இதுதான் நடந்திருந்தது.

சேஃப் மோட்ல போய் அழிக்கச் சொல்றாங்களே, அது எப்படி?

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத்திரை வந்ததும் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய், வரும் பட்டியலில் 4-ஐ அழுத்துங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் குறியாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால் ரெகவரி கீ கேட்கலாம். அந்த 48 இலக்க எண் கையில் இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். சேஃப் மோடில் அவசியமான ட்ரைவர்களும் சர்வீஸ்களும் மட்டுமே ஓடும், அதனால் ஃபில்டரின் கோப்புகளைப் பிடிக்க ஆள் இருக்காது.

ஆனால் சேஃப் மோடில் கோப்பை அழிக்கலாமே தவிர, அன்இன்ஸ்டால் பல நேரம் நடக்காது. விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் அங்கே வழக்கமாக ஓடுவதில்லை. அந்த சர்வீஸ் வழியே நிறுவப்படும் எம்எஸ்ஐ வகை ப்ரோகிராம் என்றால் 1601 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். ஆகவே சாதாரண மோடில் அன்இன்ஸ்டால், மிச்சத்தை மட்டும் சேஃப் மோடில்.

எனக்கு "திறந்திருக்கு"ன்னு வரலை, "உங்களுக்கு அனுமதி இல்லை"ன்னு வருது. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை, இது வேறு வியாதி. முன்னதில் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது. இதில் கோப்பின் சொந்தக்காரர் நீங்கள் இல்லை. பழைய விண்டோஸிலிருந்து வந்த டிஸ்க், வேறு யூசர் நிறுவிய ப்ரோகிராம் என்றால் இப்படி வரும். கோப்புறையின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் ஓனர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்றி, அப்புறம் உங்களுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால் அழியும். அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட் தேவை.

ஓனர் இடத்தில் ட்ரஸ்டட் இன்ஸ்டாலர் என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது விண்டோஸின் சொந்தக் கோப்பு, உங்கள் ஃபில்டருடையது அல்ல. இன்னொரு விதிவிலக்கு: ஆன்டிவைரஸ் தொகுப்போடு வந்த ஃபில்டர் தன் கோப்புகளைத் தானே காத்துக்கொள்ளும், அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் மசியாது. நல்ல ஆன்டிவைரஸ் அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைரஸே அதை முதலில் அழித்துவிடும். அதன் செட்டிங்ஸில் தற்காப்பை அணைத்துவிட்டு எடுங்கள். அதுவும் ஆகாவிட்டால், தயாரித்தவர்களே தரும் நீக்கும் கருவி என்று பெரும்பாலும் ஒன்று இருக்கும்; அதை அவர்களின் சொந்த தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

"இந்த கோப்பு கிடைக்கவில்லை"ன்னு சொல்லுது. ஆனா கண்ணு முன்னாடி இருக்கே!

பெயரில் கோளாறு. கோப்பின் பெயர் ஒரு புள்ளியிலோ இடைவெளியிலோ முடிந்தால், விண்டோஸ் அந்தக் கடைசி எழுத்தைத் தானே வெட்டிவிட்டுத் தேடும். அந்தப் பெயரில் எதுவும் இருக்காது. ஸ்பேமோடு வந்த இணைப்புகளைச் சேமித்தவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். டாஸ் காலத்திலிருந்து ஒதுக்கப்பட்ட கான், ஆக்ஸ், நல், ப்ரின் (CON, AUX, NUL, PRN) போன்ற பெயர்களுக்கும் இதே சிக்கல். இன்னொரு காரணம் நீளம்: கோப்பு இருக்கும் முழுப் பாதையும் சேர்ந்து 260 எழுத்துகளைத் தொட்டால் எக்ஸ்ப்ளோரர் திணறும்.

நீளம்தான் காரணம் என்றால், வெளியே உள்ள கோப்புறைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக ஓரெழுத்தாக மாற்றிக்கொண்டே போங்கள். பாதை சுருங்கியதும் அழிந்துவிடும். விசித்திரப் பெயர் என்றால் எனக்குப் பிடித்த குறுக்கு வழி செவன்-ஜிப். அதன் ஃபைல் மேனேஜரில் அந்த இடத்துக்குப் போய், ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்திப் பாருங்கள். எக்ஸ்ப்ளோரர் கைவிரித்த பல கோப்புகளை அது அழித்துக் கொடுத்திருக்கிறது.

அழிச்சா அழியுது, ஆனா கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துடுது. பேய் மாதிரி இருக்கு.

முதலில் சாதுவான காரணம்: ஒன்ட்ரைவ் போன்ற ஒத்திசைவு. அந்தக் கோப்புறை அதற்குள் இருந்தால், அதே அக்கவுன்ட் உள்ள வேறொரு கணினியில் ஃபில்டர் ஓடிக்கொண்டு கோப்பைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கலாம். அடுத்தது டாஸ்க் ஷெட்யூலர். அப்டேட் பார்க்கும் வேலை ஒன்று அங்கே விடுபட்டிருந்தால் அது கோப்புறையை மறுபடி உண்டாக்கும்.

இரண்டும் இல்லை, பெயரும் வாய்க்கு வராத எழுத்துக்கூட்டமாக இருக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் முளைக்கிறது என்றால் அது ஃபில்டரே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். விண்டோஸ் முழுக்க எழுவதற்கு முன்பே அது தேடுவதால், ஓடும்போது ஒளிந்துகொள்ளும் ஜாதி மாட்டிக்கொள்ளும்.

அழியாத ஃபைலை அழிக்கறதுக்குன்னே ஃப்ரீ சாஃப்ட்வேர் நிறைய இருக்கே, ஒண்ணு இறக்கிக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பெயர்களில் உலவும் இன்ஸ்டாலர்கள் பல, கூடவே விளம்பர ப்ரோகிராம்களைத் தள்ளிவிடும். ஸ்பேமை ஒழிக்கப் போய் வேறொரு குப்பையை வீட்டுக்குள் அழைத்த கதை ஆகும். மேலே சொன்ன ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரும் ஃபைல் லாக்ஸ்மித்தும் மைக்ரோசாஃப்ட்டே தருபவை, அவை போதும்.

அன்இன்ஸ்டால் எல்லாம் பண்ணலை, ஃபோல்டரையே தூக்கி அழிச்சுட்டேன். இப்ப லிஸ்ட்ல பேர் இருக்கு, எடுக்கவும் முடியலை, புதுசு போட்டா "ஏற்கெனவே இருக்கு"ன்னு சொல்லுது.

எனக்கு வருவதில் இதுதான் முதலிடம். ஃபோல்டரை அழிப்பது வீட்டை இடிப்பது மாதிரி; பத்திரப்பதிவில் பெயர் அப்படியே இருக்கும். விண்டோஸின் பதிவேடு ரிஜிஸ்ட்ரி. புதிய இன்ஸ்டாலர் அதைத்தான் பார்க்கிறது. பிழை எண் 1638 என்று வந்தால் சரியாக இந்தக் கதைதான்: வேறொரு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று அது நம்புகிறது.

கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் முதல் வைத்தியம் அதே பழைய பதிப்பை அதே இடத்தில் மறுபடி நிறுவுவது. ரிப்பேர் என்று கேட்டால் சரி சொல்லுங்கள். கோப்புகள் திரும்ப வந்ததும் அன்இன்ஸ்டாலருக்கு எடுக்க ஏதாவது இருக்கும். அப்புறம் முறைப்படி எடுங்கள். பழைய இன்ஸ்டாலர் கையில் இல்லையென்றால், நிறுவல் சிக்கல்களுக்காகவே மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ட்ரபிள்ஷூட்டர் இருக்கிறது; பட்டியலில் ஃபில்டரைத் தேர்ந்தால் பதிவேட்டை அதுவே சுத்தம் செய்யும். ரிஜிஸ்ட்ரியில் நேராகக் கை வைப்பதை நான் கடைசிக்குத் தள்ளுவேன், அதுவும் எக்ஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் கோப்புறைக்குள் இன்ஸ்டாலர் என்று மறைந்த கோப்புறை ஒன்று உண்டு, சில சமயம் பல ஜிபி இருக்கும். இடம் மிச்சம் என்று அதை அழித்துவிடாதீர்கள். எம்எஸ்ஐ வழியே நிறுவிய ப்ரோகிராம்களைத் திருத்தவும் எடுக்கவும் தேவையான பிரதிகள் அதில்தான் இருக்கின்றன. அதை அழித்தவர்களின் கணினியில் எந்த ஃபில்டரும் சுலபமாக வெளியே போகாது.

1618, 1603ன்னு எண் மட்டும் காட்டிட்டு நின்னுடுது.

1618 என்றால் வேறு ஒரு இன்ஸ்டாலேஷன் நடந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் பின்னணியில் ஏதோ ஒரு அப்டேட். கொஞ்சம் காத்திருங்கள், இல்லாவிட்டால் ரீஸ்டார்ட். 1603 "என்னவோ ஆகிவிட்டது" என்பதன் எண் வடிவம், தனியாக அதற்கு அர்த்தமில்லை. ஃபில்டர் விஷயத்தில் பூட்டிய கோப்போ அனுமதி இல்லாத கோப்புறையோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் மேலே வந்துவிட்டன.

ஃபில்டரை எடுத்ததுலேர்ந்து மெயிலே வரலை. ஸ்பேம்கூட வரலை!

ப்ராக்ஸி வகைதானே வைத்திருந்தீர்கள்? அது நிறுவப்பட்டபோது உங்கள் மெயில் ப்ரோகிராமின் செட்டிங்ஸை மாற்றியிருக்கும். உண்மையான சர்வர் பெயர் இருந்த இடத்தில் 127.0.0.1 என்றோ லோக்கல்ஹோஸ்ட் என்றோ போட்டிருக்கும். அந்த எண்ணுக்கு "இதே கணினி" என்று பொருள். மெயில் ப்ரோகிராம் தரகரிடம் கேட்கும், தரகர் சர்வரிடம் கேட்பார். இப்போது தரகரை அனுப்பிவிட்டீர்கள். மெயில் ப்ரோகிராம் இன்னும் காலி நாற்காலியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நகல் எடுக்கும் கேள்வியில் சொன்ன ஸ்க்ரீன்ஷாட் இருந்தால், உண்மையான சர்வர் பெயர் யூசர்நேமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அதில் பாருங்கள். பாப்ஃபைல் போன்ற ப்ராக்ஸிகள் அப்படிச் சேர்த்து எழுதிக்கொள்ளும்: முதலில் சர்வர், நடுவில் ஒரு குறி, பின்னால் உங்கள் பெயர். இரண்டையும் பிரித்து அதனதன் இடத்தில் போடுங்கள். போர்ட்டையும் மாற்ற வேண்டும். குறியாக்கத்தோடு மெயில் எடுக்கப் பாப்3 என்றால் 995, ஐமேப் என்றால் 993. ப்ராக்ஸிக்காக 110 என்று போட்டு எஸ்எஸ்எல்லை (அதாவது குறியாக்கத்தை) அணைத்திருந்தால் அதையும் திரும்ப இயக்குங்கள்.

மெயில் மட்டுமல்ல, இணையமே நின்றுவிட்டது என்றால், ஃபில்டர் நெட்வொர்க் அடுக்கிலேயே கொக்கி போட்டிருந்தது என்று அர்த்தம். செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட் கொடுத்தால் சரியாகும். வைஃபை பாஸ்வேர்டுகளைத் திரும்பப் போட வேண்டிவரும், முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுசு நல்லபடியா ஏறிடுச்சு. ஆனா அவுட்லுக்ல பட்டனே காணோம்.

மூன்று காரணங்கள், இந்த வரிசையில் பாருங்கள். உங்களிடம் இருப்பது புதிய அவுட்லுக்கா? விண்டோஸுக்கான புதிய அவுட்லுக் பழைய பாணி காம் (COM) ஆட்-இன்களை ஏற்பதே இல்லை, எத்தனை முறை நிறுவினாலும் தெரியாது. பழைய அவுட்லுக்குக்குத் திரும்பினால்தான் உண்டு. அடுத்து, அவுட்லுக் 64-பிட்டாக இருந்து ஆட்-இன் 32-பிட்டுக்கு மட்டும் எழுதப்பட்டதாக இருந்தால் ஏறாது. அவுட்லுக்கைப் பற்றிய விவரப் பெட்டியில் முதல் வரியிலேயே எத்தனை பிட் என்று இருக்கும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. முன்பு எப்போதோ ஃபில்டர் தொங்கியபோது அவுட்லுக் அதன் பெயரைக் கறுப்புப் பட்டியலில் எழுதி வைத்திருக்கும். 2013 பதிப்பிலிருந்து, திறக்கும்போது தாமதப்படுத்தும் ஆட்-இன்களையும் தானாகவே அணைத்துவிடும். ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாலும் அந்தப் பட்டியல் போகாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே மேனேஜ் என்பதில் டிஸேபிள்டு ஐட்டம்ஸைத் தேர்ந்து பாருங்கள். பெயர் இருந்தால் எனேபிள் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் காம் ஆட்-இன்ஸிலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுபடி போட்டதுக்கு அப்புறம் நல்ல மெயில் எல்லாம் ஸ்பேம்ல போகுது. முன்னாடி இப்படி இல்லையே?

பயிற்சிக் கோப்பை மீட்டீர்களா? நகல் இருந்தால், ஃபில்டரையும் மெயில் ப்ரோகிராமையும் மூடிவிட்டு அதைப் பழைய இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் பயிற்சியைப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். அதில் பலர் செய்யும் தவறு, ஸ்பேமை மட்டும் காட்டிக்கொடுப்பது. நல்ல மெயில் எப்படி இருக்கும் என்று தெரியாத ஃபில்டருக்கு எல்லாமே ஸ்பேமாகத்தான் தெரியும். இன்பாக்ஸில் இருக்கும் பழைய நல்ல மெயில்களையும் ஏறக்குறைய அதே அளவு காட்டுங்கள்.

இரண்டு ஃபில்டர்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ஆன்டிவைரஸினுடையது ஒன்று, நீங்கள் போட்டது ஒன்று என்றால், ஒன்று தலைப்பில் குத்தும் முத்திரையை மற்றது ஸ்பேம் அடையாளமாகவே கற்றுக்கொள்ளும். சர்வர் பக்கத்து ஸ்பேம் கோப்புறையையும் அவ்வப்போது எட்டிப் பாருங்கள். ஜிமெயிலில் 30 நாளுக்கு மேல் அங்கே கிடப்பவை தானாக அழிந்துவிடும்.

எல்லாம் பண்ணிட்டேன். ஒரே ஒரு டிஎல்எல் மட்டும் போகவே மாட்டேங்குது. ஃபார்மட்தான் வழியா?

ஒரு கோப்புக்காக ஃபார்மட்டா! அழிக்க விடாத டிஎல்எல்லை விண்டோஸ் பெயர் மாற்ற விடும், இது பலருக்குத் தெரியாது. ஏற்றப்பட்டிருக்கும் நிலையிலேயே அதன் பெயருக்குப் பின்னால் "பழசு" என்று சேர்த்துப் பாருங்கள். கோப்புறையின் பெயரை மாற்ற விடாது, உள்ளே உள்ள டிஎல்எல்லின் பெயரைப் பெரும்பாலும் மாற்ற விடும். பிறகு ரீஸ்டார்ட். தேடி வருபவருக்கு அந்தப் பெயரில் கோப்பு கிடைக்காது, யாரும் பிடிக்காததால் இப்போது சாதாரணமாகவே அழிந்துவிடும்.

அதற்கும் மசியாத ஒன்றை ஒருமுறை பார்த்தேன். டிஸ்க்கிலேயே கோப்பு முறைமை சிதைந்திருந்தது. டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டியதும் போய்விட்டது. அதுவும் பலிக்காவிட்டால், வேறு எந்தத் தொந்தரவும் இல்லாத நிலையில், அந்த டிஎல்எல்லை அப்படியே விட்டுவிட்டுப் புதிய ஃபில்டரை வேறு பெயருள்ள கோப்புறையில் நிறுவிவிடுங்கள். யாரும் அழைக்காத டிஎல்எல் தானாக எழுந்து ஓடாது, சில நூறு கேபி இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும்.